மருந்து கொடுத்த தவணை

ஊர் விட்டு ஊர் சென்று வாழும் தமிழர்கள் தங்கள் வீட்டாருக்கு எழுதிய முதற் கடிதங்களை யாரேனும் தொகுத்துப் பார்ப்பாராயின், ஒரே தொடர் அவற்றில் திரும்பத் திரும்ப வரக் காண்பர். “இந்த ஊர்த் தண்ணீர் எனக்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை” என்பதே அத்தொடர். மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றவரும், இலங்கையின் தேயிலை மலைகளுக்குச் சென்றவரும், மூணாற்றுக்கும் பீருமேட்டுக்கும் மலையேறியவரும், பொள்ளாச்சிச் சாலை வழியே வந்து இம்மீனாட்சிபுரத்துப் பக்கம் குடியேறியவரும் இதனையே எழுதினர். பிரிவுத் துன்பத்தை வெளிப்பட எழுத நாணியவர்களும் தண்ணீரைப் பற்றி எழுதத் தயங்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்குள் வயிற்றுப்போக்கும், சீதபேதியும், வாரக்கணக்கில் விடாத காய்ச்சலும் அடங்கியிருந்தன.

சங்கத்தின் ஆண்டு விழா மலரில் மொழியின் தொன்மையையும் மூவேந்தர் புகழையும் எழுதுவோர் பலர் உளர். அப்பணி தொடர வேண்டுவதே. எனினும் இவ்வாண்டு, அத்தண்ணீர் தந்த குடற்காய்ச்சலின் வரலாற்றையும், அதனைத் தீர்க்க வந்த மருந்துகள் ஒவ்வொன்றாய்த் தோற்ற வரலாற்றையும் அன்பர்கள் முன் வைக்க விரும்புகின்றேன். அவ்வரலாற்றின் பெருந் திருப்பங்களுள் ஒன்று நாம் வாழும் இக்கேரள நாட்டிலேயே, கோழிக்கோட்டில் நிகழ்ந்தது. அதனை நம்மில் பலர் அறியோம்.

நோயும் அதன் வேரும்

டைபாய்டு எனப்படும் குடற்காய்ச்சலை நம் பாட்டிமார் ‘விஷக் காய்ச்சல்’ என்று அழைத்து அஞ்சினர். காய்ச்சல் நாளுக்கு நாள் படிப்படியாக ஏறும். மூன்று நான்கு வாரம் நீடிக்கும். நோயாளி தன்னினைவு குன்றிப் பிதற்றுவார். குடலில் புண் தோன்றும். அப்புண் துளையானால் உயிர் பிழைத்தல் அரிது. மருந்து இல்லாத காலத்தில் நோயுற்றோரில் நூற்றுக்குப் பத்துப் பேர் முதல் இருபது பேர் வரை மாண்டனர். கஞ்சித் தெளிவும், ஈரத் துணியும், இரவெல்லாம் விழித்திருந்த தாயின் கையுமே அன்றைய சிகிச்சை.

இந்நோய் குடிநீர் வழியாகவும் கழிவுநீர் வழியாகவும் பரவுகின்றது என்பதை இங்கிலாந்து நாட்டு மருத்துவர் வில்லியம் பட், கிருமியைக் கண்ணால் காணு முன்னரே, தம் ஊர் நோயாளிகளைக் கூர்ந்து நோக்கி எடுத்துரைத்தார். 1880-ஆம் ஆண்டில் கார்ல் ஏபெர்த் என்பார் கிருமியைக் கண்டார். 1884-இல் கியார்க் காஃப்கி அதனை ஆய்வுக்கூடத்தில் தனித்து வளர்த்தார். இருவரும் ஜெர்மானிய அறிஞர்கள்.

இக்கிருமியைப் பற்றி நாம் மறவாது கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இதற்கு மனிதனையன்றி வேறு புகலிடம் இல்லை. மாட்டிலும் ஆட்டிலும் அது குடியிருப்பதில்லை. ஒருவர் குடலிலிருந்து வெளியேறி, நீரிலோ உணவிலோ கலந்து, மற்றொருவர் வாயில் புகுந்தாலன்றி அதன் குலம் தழைப்பதில்லை. ஆதலின், குடிநீரையும் மலக்கழிவையும் பிரித்து வைத்த ஊர்களில் இந்நோய் தானே தேய்ந்தது. மணற்படுகையில் நீரை வடிகட்டும் முறையும், குளோரின் கலக்கும் முறையும் மேனாட்டு நகரங்களில் பரவின. அமெரிக்காவின் ஜெர்சி நகரில் 1908-ஆம் ஆண்டில் குளோரின் கலக்கும் பணி தொடங்கிற்று. 1940-ஆம் ஆண்டு அளவில் அந்நாட்டில் குடற்காய்ச்சலால் நேர்ந்த இறப்பு மிகச் சிறு அளவாகக் குறைந்துவிட்டது. அப்போது இந்நோயைத் தீர்க்கும் மருந்து ஒன்றும் பிறந்திருக்கவில்லை. இதனை நினைவில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

கோலாலம்பூரில் கிடைத்த வியப்பு

தென்னமெரிக்காவில் வெனிசுவேலா என்றொரு நாடு உண்டு. அதன் தலைநகராகிய கராகசுக்கு அருகில் எடுத்த மண்ணிலிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தனர். அது சுரக்கும் பொருள் பல கிருமிகளின் வளர்ச்சியைத் தடுப்பதாக 1947-இல் அறிவித்தனர். குளோராம்பெனிகால் என்று பெயர் பெற்ற அம்மருந்தை 1949-இல் மண்ணின் துணையின்றி இரசாயன முறையிலேயே செய்யவும் கற்றனர். மில்ட்ரெட் ரெப்ஸ்டாக் என்னும் பெண்மணி அப்பணியில் முன்னின்றோருள் ஒருவர்.

1948-ஆம் ஆண்டில் ஜோசப் ஸ்மாடெல், தியோடர் உட்வர்டு ஆகிய அமெரிக்க மருத்துவர்கள் இம்மருந்துடன் கோலாலம்பூருக்கு வந்தனர். அவர்கள் நாடி வந்தது குடற்காய்ச்சலை அன்று. மலாய் நாட்டுத் தோட்டங்களிலும் காடுகளிலும் பரவியிருந்த உண்ணிக் காய்ச்சலையே. ஆயின், உண்ணிக் காய்ச்சல் என்று கருதி மருந்து பெற்றவருள் சிலர் உண்மையில் குடற்காய்ச்சலுற்றோர் என்பது பின்னர்த் தெரிந்தது. அவர்களும் குணமடைந்து வந்ததே வியப்பு. உடனே குடற்காய்ச்சல் நோயாளிகள் பத்துப் பேருக்கு முறையாக மருந்து கொடுத்துப் பார்த்தனர். வாரக்கணக்கில் இறங்காத காய்ச்சல் ஒரு சில நாட்களில் இறங்கிற்று. அந்த முதல் அறிக்கையில் கையொப்பமிட்ட ஐவருள் மங்கிகர் என்ற இந்தியப் பெயரும் காணப்படுகிறது.

நம்மவர் பல்லாயிரவர் ரப்பர் மரம் சீவி வாழ்ந்த அந்நாட்டில் இம்மருந்தின் பெருமை வெளிப்பட்டது நாம் எண்ணி மகிழத் தக்கது. சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்குப் பத்தும் இருபதுமாக இருந்த இறப்பு, ஒன்று இரண்டு என்ற அளவுக்கு இறங்கிற்று. எத்தனையோ வீடுகளில் விளக்கு அணையாமல் நின்றது. அம்மருந்துக்கு எலும்பு மச்சையைத் தாக்கி இரத்தம் ஊறாமற் செய்யும் அரிய தீங்கு ஒன்று உண்டென்பது விரைவிலேயே தெரிய வந்தது. எனினும், குடற்காய்ச்சலுக்கு அதனினும் மலிவான, உறுதியான மருந்து வேறில்லை என்பதால் அதுவே நாடெங்கும் ஆண்டது.

இங்கேதான் நாம் செய்த பிழை தொடங்குகிறது. மருந்து வந்துவிட்டது என்ற ஆறுதலில், தண்ணீரைப் பற்றிய கவலை தளர்ந்தது. கடன் கொடுத்தவன் தவணையை நீட்டினால், அத்தவணைக்குள் முதலைச் சேர்த்து வைப்பவனே அறிவுடையவன். குளோராம்பெனிகால் நமக்குக் கொடுத்தது ஒரு தவணை. அக்காலத்துக்குள் ஒவ்வோர் ஊருக்கும் தூய நீரும், ஒவ்வொரு வீட்டுக்கும் கழிப்பிடமும் அமைத்திருக்க வேண்டும். அவ்வாறு செய்தோமில்லை. தவணை இருபத்து நான்கு ஆண்டுகளில் முடிந்தது.

கோழிக்கோடு, 1972

மலபார் மாவட்டம் 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. கோழிக்கோடும் பாலக்காடும் அதன் பெருநகரங்கள். நம் சித்தூர்ப் பகுதி மட்டும் கொச்சி அரசருக்கு உரியதாய் இருந்தது. மொழிவழி மாநிலமாகக் கேரளம் அமைந்த பின்னர், 1957-இல் கோழிக்கோட்டில் மருத்துவக் கல்லூரி தோன்றிற்று. அக்கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் பணிபுரிந்தவர் பேராசிரியர் ஜெயராம் பணிக்கர். இந்திய மருத்துவ மாணவர் தலைமுறை தலைமுறையாகக் கற்றுவரும் நுண்ணுயிரியல் பாடநூலைப் பேராசிரியர் அனந்தநாராயணனுடன் சேர்ந்து 1978-இல் வெளியிட்டவரும் அவரே.

1972-ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில், குளோராம்பெனிகாலுக்கு அடங்காத குடற்காய்ச்சல் பரவிற்று. மருந்து கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை. நோயாளிகளின் இரத்தத்திலிருந்து கிருமியைப் பிரித்து, மருந்து கலந்த தட்டில் வளர்த்துப் பார்த்தபோது அது தடையின்றி வளர்ந்தது. பணிக்கரும் அவருடன் பணியாற்றிய விமலாவும் இதனோடு நின்றாரில்லை. இக்கிருமியை வேறோர் எளிய குடற்கிருமியுடன் ஒரே குடுவையில் வளர விட்டனர். மருந்தை எதிர்க்கும் ஆற்றல் குடற்காய்ச்சற் கிருமியிடமிருந்து மற்றதற்குக் கைமாறியதைக் கண்டனர். அவ்வாண்டிலேயே அவர்கள் எழுதிய சிறு கட்டுரையை உலகப் புகழ் பெற்ற ‘நேச்சர்’ இதழ் வெளியிட்டது.

அதே 1972-ஆம் ஆண்டில் பெருங்கடல்களுக்கு அப்பாலுள்ள மெக்சிகோ நாட்டிலும் இம்மருந்துக்கு அடங்காத குடற்காய்ச்சல் வெடித்தெழுந்து, பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிற்று. மெக்சிகோவில் அது பெருங்காட்டுத் தீயாய் எழுந்தது. கேரளத்திலோ உமியுள் நெருப்பாய் உள்ளூரக் கனன்று நின்றது. தொடக்கத்தில் கோழிக்கோட்டோடு அமைந்திருந்த அவ்வகைக் கிருமி, பின்னர் நாட்டின் பிற பகுதிகளிலும் தலைகாட்டிற்று.

பகை கற்ற பாடம்

ஒரு கிருமி மருந்தை எதிர்க்கக் கற்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தந்த நாடு ஜப்பான். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அங்குச் சீதபேதி மிகுந்திருந்தது. அந்நோயின் கிருமிக்கு, 1897-ஆம் ஆண்டில் அதனைக் கண்ட ஜப்பானிய அறிஞர் கியோஷி ஷிகாவின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. 1950-களின் நடுவில், சல்பா, ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்பெனிகால், டெட்ராசைக்ளின் ஆகிய நான்கு மருந்துகளையும் ஒருங்கே எதிர்க்கும் சீதபேதிக் கிருமிகள் அங்குத் தோன்றின. ஒரு மருந்தை எதிர்க்கும் ஆற்றல் தற்செயலாய் ஒரு கிருமிக்கு வாய்க்கலாம். நான்கும் ஒன்றாய் வாய்ப்பது எவ்வாறு என்று மருத்துவர் திகைத்தனர். 1959-இல் ஓச்சியாய், ஆக்கிபா ஆகியோர் தனித்தனியே விடை கண்டனர். எதிர்ப்பாற்றல் முழுவதும் ஒரு சிறு மூட்டையாய் ஒரு கிருமியிடமிருந்து மற்றொரு கிருமிக்குச் செல்கின்றது என்பதே அவ்விடை. அம்மூட்டைக்கு ‘பிளாஸ்மிட்’ என்று பெயர்.

பொள்ளாச்சிச் சந்தைக்குச் செல்லும் குடியானவர் ஒருவர் தம்மிடமுள்ள நல்விதையில் ஒரு பிடியை மற்றவருக்குக் கொடுப்பார். கொடுத்ததனால் அவர் வறியர் ஆவதில்லை. வாங்கியவரோ அடுத்த பருவத்தில் அவ்விதையையே விளைவித்துப் பிறர்க்கும் வழங்குவார். நம் குடலும் அத்தகைய சந்தையே. அங்குத் தீங்கற்ற கிருமிகள் எண்ணிலடங்காமல் வாழ்கின்றன. தடுமனுக்கு வேண்டாத மருந்தை ஒருவர் உண்ணும்போதெல்லாம், அவற்றுள் மருந்தை எதிர்க்கும் மூட்டை உடையவை மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. தக்க சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும் கிருமி, பத்து மணி நேரத்தில் நூறு கோடியைத் தாண்டும். பின்னர் ஒரு நாள் தண்ணீர் வழியே குடற்காய்ச்சற் கிருமி உள்ளே வருமாயின், அச்சந்தையில் அதற்கு வேண்டிய விதை ஆயத்தமாக இருக்கும்.

அம்மூட்டைக்குள் இருப்பது யாது? குளோராம்பெனிகாலைப் பொறுத்தவரை, அது ஒரு நொதியைச் செய்யும் குறிப்பு. அந்நொதி மருந்தின் மேல் ஓர் ஒட்டை ஒட்டிவிடும். ஒட்டு விழுந்த திறவுகோல் பூட்டில் நுழையாதது போல, மருந்தும் கிருமியின் உள்ளுறுப்பில் பொருந்தாமற் போகும். பெனிசிலினைக் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங், 1945-இல் நோபெல் பரிசு பெற்று ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவில் மருந்துண்பவர் கிருமிக்குப் பாடம் கற்பிக்கின்றார் என்று எச்சரித்திருந்தார். உலகம் பரிசைப் பாராட்டிற்று, எச்சரிக்கையைக் கேட்கவில்லை.

அடுத்தடுத்த தவணைகள்

குளோராம்பெனிகால் தளர்ந்த இடங்களில் ஆம்பிசிலினும், கோட்ரைமாக்சசோலும் துணைக்கு வந்தன. 1980-களின் இறுதியில் இம்மூன்றையும் ஒருங்கே எதிர்க்கும் குடற்காய்ச்சல் இந்தியாவின் பல நகரங்களில் பரவிற்று. பின்னர் சிப்ரோபிளாக்சசின் வந்தது. விலையில் எளியது, விழுங்குவதற்கும் எளியது. ஆகவே காய்ச்சலுக்கும், வயிற்றுப்போக்குக்கும், ஏன், அறியாத நோய்க்கும் அதனையே விழுங்கினோம். 1990-களிலிருந்து கிருமி தன் உடலிலேயே சிறு மாற்றங்களைச் செய்துகொண்டு அதனினின்றும் தப்பக் கற்றது. அடுத்து ஊசி வழியாகச் செலுத்தும் செப்டிரையாக்சோனையும், விழுங்கும் அசித்ரோமைசினையும் நம்பினோம்.

2016-ஆம் ஆண்டின் இறுதியில், பாகிஸ்தானத்துச் சிந்து மாநிலத்தின் ஐதராபாத் நகரில், செப்டிரையாக்சோனும் பலிக்காத குடற்காய்ச்சல் கிளம்பிற்று. விழுங்கும் மருந்துகளுள் அசித்ரோமைசின் ஒன்றே அதற்கு எஞ்சிற்று. அக்கிருமி பெற்ற புதிய மூட்டை, மனிதக் குடலில் வாழும் சாதாரணக் கிருமியிடமிருந்து வந்தது என்று ஆராய்ச்சியாளர் கண்டனர். சந்தை கோழிக்கோட்டோடு மூடப்படவில்லை.

இக்கதை குடற்காய்ச்சலோடு முடியவும் இல்லை. 1992-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நம் சென்னையில் ஒரு புதுவகை வாந்திபேதி தோன்றிற்று. அதுவரை பெருங்கொள்ளையாய்ப் பரவிய வாந்திபேதிக் கிருமிகள் யாவும் ஓ1 என்னும் வகையைச் சேர்ந்தவை. இப்புதியதற்கு ஓ139 என்று எண் கொடுத்தனர். சில திங்களுக்குள் அது வங்காளத்தையும் எட்டிற்று. அன்று சென்னையில் எடுத்த கிருமி ஒன்றை அமெரிக்காவில் ஆராய்ந்த அறிஞர்கள், சல்பா, டிரைமெத்தோபிரிம், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகியவற்றை எதிர்க்கும் ஆற்றல் அனைத்தையும் சுமந்து கிருமிக்குக் கிருமி தாவும் புதுவகை மூட்டை ஒன்றை அதில் கண்டு, 1996-இல் அறிவித்தனர். மருந்து எதிர்ப்பு வரலாற்றில் கோழிக்கோட்டைப் போலவே சென்னையும் இடம் பெற்றது. அது நாம் விரும்பும் பெருமை அன்று.

மனத்தைத் தேற்றும் செய்தியும் ஒன்றுண்டு. குளோராம்பெனிகாலைக் குடற்காய்ச்சலுக்குக் கொடுப்பது பெரிதும் குறைந்த பின்னர், இந்தியக் கிருமிகளுள் பெரும்பாலானவை மீண்டும் அம்மருந்துக்கு அடங்குகின்றன. பயன்படாத மூட்டையைச் சுமப்பது கிருமிக்கும் பாரமே. நிலத்தை ஒரு பருவம் தரிசு விட்டால் அது உரம் பெறுவதை நம் உழவர் அறிவர். மருந்துக்கும் ஓய்வு வேண்டும்.

எதிர்க்க முடியாத மருந்துகள்

எக்கிருமியும் எதிர்க்கக் கற்க முடியாத மருந்துகள் மூன்று உண்டு. அவற்றைச் சொல்லவே இவ்வளவும் கூறினேன்.

முதலாவது, உப்பும் சர்க்கரையும் கலந்த நீர். 1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாய் வந்து பொங்காவ் முகாமில் தங்கியோரிடையே வாந்திபேதி பரவியபோது, நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பையும் சர்க்கரையையும் அளவாய்க் கலந்து குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கிற்று. இந்நீர் கிருமியைக் கொல்வதில்லை. உடல் இழந்ததை மீட்டுக் கொடுக்கிறது. ஆதலின் இதனை எதிர்க்கக் கிருமியிடம் வழி இல்லை. குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் பெரும்பாலானவற்றிற்கு இந்நீரும் தாய்ப்பாலும் துத்தநாக மாத்திரையுமே போதும். கிருமிக்கொல்லி மருந்து வேண்டுவதில்லை.

இரண்டாவது, தடுப்பூசி. 1896-இல் இங்கிலாந்தில் ஆல்ம்ராத் ரைட் தொடங்கிய முயற்சி, நம் காலத்தில் கைக்குழந்தைக்கும் பயன்படும் இணைப்புத் தடுப்பூசியாய்க் கனிந்தது. தெலங்கானத்து ஐதராபாத்தில் செய்யப்பட்ட அத்தடுப்பூசிக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2017-இன் இறுதியில் ஒப்புதல் அளித்தது. 2019 நவம்பரில் பாகிஸ்தானம் அதனைத் தன் குழந்தைகளுக்கு முறையாகக் கொடுக்கத் தொடங்கிற்று. சிந்து நாட்டு ஐதராபாத்தில் எழுந்த தீங்குக்கு நம் நாட்டு ஐதராபாத் மருந்தனுப்பியது. எல்லைகள் இரண்டு நாடுகளைப் பிரிப்பினும், தாயின் அச்சம் இரு புறமும் ஒன்றே.

மூன்றாவதும் முதன்மையானதும் தூய குடிநீர். 2017 முதல் 2020 வரை வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் அறிஞர்கள் முன்னின்று இந்தியாவின் பல இடங்களில் நடத்திய ஆய்வு, நகர்ப்புறக் குழந்தைகளிடையே குடற்காய்ச்சல் இன்றும் மிகுந்துள்ளதைக் காட்டிற்று. எழுபது ஆண்டுகளாய் மருந்துகள் வந்து போயின. நீர் வழி மட்டும் இன்னும் அடைபடவில்லை.

நம் மீனாட்சிபுரத்துப் பகுதிக்கு நீரின் அருமையை யாரும் சொல்ல வேண்டியதில்லை. சித்தூர் வட்டத்தின் கீழ்ப்பகுதி மழை குறைந்த பூமி. ஆழியாற்று நீர் மூலத்தரையை எய்தும் நாளை எதிர்பார்த்தே உழவர் ஏர் பூட்டுவர். 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு உடன்படிக்கையின் வாசகம் இங்குச் சிறு பிள்ளைக்கும் தெரியும். கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்துடன் நிற்பதும் நமக்குப் பழகிய காட்சி. 2002-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில், மயிலம்மா முதலிய பழங்குடிப் பெண்கள் கிணற்று நீருக்காகத் தொடங்கிய அறப்போர் உலகறிந்தது. நீர் கிடைப்பதற்காகப் போராடிய இம்மண், கிடைத்த நீர் தூயதாய் இருப்பதற்கும் குரல் கொடுக்க வேண்டும். லாரியில் வரும் நீரில் குளோரின் கலந்துளதா என்று கேட்பது குற்றமன்று. அது குடிமக்களின் உரிமை.

நமது கடமை

அரசுகள் வாளாவிருந்தன என்று கூறுதல் முறையன்று. 2012-இல் சென்னையில் கூடிய இந்திய மருத்துவச் சங்கங்களின் பேராளர்கள், மருந்துகளைக் காக்கும் திட்டம் ஒன்றை வகுத்துச் ‘சென்னைப் பிரகடனம்’ என வெளியிட்டனர். 2014 மார்ச்சு முதல் நாளிலிருந்து சில முக்கிய மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்பதற்கு நடுவண் அரசு கடுந்தடை விதித்தது. 2018-இல், இந்தியாவில் முதன்முதலாக ஒரு மாநிலத்துக்கென இதற்குத் தனிச் செயல்திட்டம் வகுத்தது கேரளமே. 2019-இல் கோலிஸ்டின் என்னும் இறுதிக் காப்பு மருந்தைக் கோழித் தீவனத்தில் கலப்பது நாடெங்கும் தடை செய்யப்பட்டது. 2024-இல் கிருமிக்கொல்லி மருந்துகளை நீல நிற உறையிலிட்டுக் கொடுக்கும் ஏற்பாட்டையும் கேரள அரசு கொணர்ந்தது. மருந்துக்கடைக்காரர் நீல உறையை நீட்டும்போது, இது காய்ச்சல் தணிக்கும் வெறும் மாத்திரை அன்று என்பது கற்றாருக்கும் கல்லாருக்கும் ஒருங்கே விளங்கும்.

எனினும் சட்டம் வீட்டுக்குள் வாராது. எல்லையோரத்தில் வாழும் நமக்கு ஒரு வசதி உண்டு. அதுவே நமக்குத் தீங்குமாகும். இப்பக்கத்துக் கடையில் சீட்டுக் கேட்டால், சாலையைக் கடந்து அப்பக்கத்துக் கடைக்குச் செல்கிறோம். அங்குக் கேட்டால் இங்கு வருகிறோம். இரண்டு நாள் மாத்திரையை வாங்கி, காய்ச்சல் இறங்கியதும் எஞ்சியதை அலமாரியில் வைத்து, அடுத்த திங்கள் பக்கத்து வீட்டாருக்கு அன்புடன் கொடுக்கிறோம். அன்பு உயர்ந்ததே. ஆயின் அம்மாத்திரையோடு நாம் கொடுப்பது கிருமிக்கு ஒரு பாடம். அப்பாடத்தைக் கற்ற கிருமி தமிழர் என்றும் மலையாளி என்றும் பாராது. சுங்கச் சாவடியில் நின்று அனுமதியும் கேளாது.

காய்ச்சல் நீடிக்குமாயின், ஒரே ஒரு விடால் சோதனையை மட்டும் நம்பி மருந்து தொடங்குதல் தகாது. மருந்துண்பதற்கு முன்னரே இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை உண்டா என்று மருத்துவரிடம் பணிவோடு கேட்கலாம். அவர் குறித்த அளவில், குறித்த நாள் வரை உண்ண வேண்டும். அவர் மருந்து வேண்டாம் என்றால் அதனைக் குறையாக எண்ணலாகாது. மருந்து கொடாத மருத்துவரை விட்டு, கேட்டதைக் கொடுப்பவரைத் தேடி ஓடும் வழக்கம் நம்மிடமிருந்து நீங்க வேண்டும்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருந்தின் பெயர் ஒன்றையும் கூறவில்லை. உண்ணும் முறையையே மிகுதியும் உரைத்தார். நிறைவில் நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என நால்வகைப் பொறுப்பையும் வகுத்தார். இந்நான்கில் மருந்து ஒன்றையே நாம் பற்றிக்கொண்டு மற்ற மூன்றையும் கைவிட்டோம். மருந்தும் இன்று நம்மைக் கைவிடும் நிலைக்கு வந்துள்ளது.

ஆண்டு விழாவில் நாம் பரிசும் பொன்னாடையும் வழங்குகிறோம், நல்லதே. அவற்றோடு, உறுப்பினர் குடும்பங்களின் கிணறுகளிலும் தொட்டிகளிலும் உள்ள நீரை ஆண்டுக்கொரு முறை சோதிப்பதற்கும், குழந்தைகளுக்குக் குடற்காய்ச்சல் தடுப்பூசி பற்றி மருத்துவர் ஒருவரை அழைத்து விளக்கம் கேட்பதற்கும் சங்கம் வழி செய்யுமாயின், அது தமிழுக்குச் செய்த தொண்டாகவும் அமையும். மொழி வாழ்வது அதனைப் பேசும் குழந்தைகள் வாழ்வதனால் அன்றோ?

1948-இல் கோலாலம்பூரில் பெற்ற தவணை 1972-இல் கோழிக்கோட்டில் முடிந்தது. அடுத்தடுத்த தவணைகள் வரவரக் குறுகி வருகின்றன. இப்போது நம் கையிலிருப்பது எஞ்சிய சில நாட்கள். அவற்றைத் தண்ணீருக்குச் செலவிடுவோம். இனி ஊர் விட்டு வரும் நம் பிள்ளைகள் எழுதும் முதற் கடிதத்தில், இந்த ஊர்த் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொண்டது என்ற சொல் இடம் பெறுக.